கீறல் விழுந்த ரெக்கார்டில் கைவேலை: கிண்ணம், புத்தகத் தாங்கி, கடிகாரம்

ஊசி ஒரே வரியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும் அளவுக்குக் கீறல் விழுந்த இசைத்தட்டு இனிப் பாடாது. ஆனால் 30 செ.மீ. அகலத்தில், மினுமினுக்கும் கறுப்பில், வெந்நீரிலேயே இளகிவிடும் தகடு வேறு எங்கே கிடைக்கும்? கைவேலைக்கு அருமையான பொருள். கெட்டுப்போவதும் பெரும்பாலும் சூட்டால்தான். சூடு போதாவிட்டால் விரிசல் விடும், கூடினால் கொப்புளம் வரும். அறுக்கும்போது நாம் கேட்காமலே சூடேறி ரம்பத்தைப் பிடித்துக்கொள்ளும். எந்த வேலையானாலும் கண் அதில் இருக்கட்டும்.

தட்டைத் தேர்ந்தெடுப்பது

பழைய பெட்டியில் மூன்று வகை கலந்து கிடக்கும். லேபிளில் இருக்கும் எண், தட்டு நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பது. 33⅓ என்று போட்டிருக்கும் 30 செ.மீ. தட்டு எல்.பி. அதைவிடச் சின்னதாக 17.5 செ.மீ. அகலத்தில் 45 என்று இருப்பதை நம் ஊரில் இ.பி. என்பார்கள். இவை இரண்டும் பெரும்பாலும் வினைல், அதாவது பி.வி.சி. குடும்பம். மூன்றாவது வகை 78. கனமாக, தடிப்பாக, பெரும்பாலும் 25 செ.மீ. அகலத்தில் இருக்கும். அது வினைல் அல்ல. அரக்கும் கல் மாவும் கலந்து அழுத்தியது. மேல்நாடுகளில் 78 வழக்கொழிந்த பிறகும் இந்தியாவில் 1960களில் அதை அச்சிட்டார்கள், பீட்டில்ஸ் பாட்டுகூட இங்கே 78-இல் வந்தது. அதனால் நம் வீட்டுப் பரண்களில் அரக்குத் தட்டு நிறையவே உண்டு.

சந்தேகம் வந்தால் ஓரத்தை இரு கையாலும் பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள். வினைல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அரக்கு அசையாது, அதற்கு மேல் அழுத்தினால் சில்லுச் சில்லாகப் போகும். விரல் முட்டியால் தட்டினாலும் அரக்கு பீங்கான் மாதிரி கணீரென்று ஒலிக்கும். கீழே சொல்லும் சூட்டு வேலை எதையும் அரக்குத் தட்டில் செய்யக் கூடாது. ஏற்கெனவே உடைந்த அரக்குத் தட்டுக்கு வேறு பயன் உண்டு, அது கடைசியில் வருகிறது. அமெரிக்காவில் அச்சான சில 45 தட்டுகள் பாலிஸ்டைரீன் என்ற வேறு பிளாஸ்டிக். லேசாக இருக்கும், வளைத்தால் முறியும். அவற்றில் பெயிண்ட் மட்டும் அடிக்கலாம்.

இன்னொரு விஷயம். கையில் கிடைத்ததையெல்லாம் அடுப்பில் வைத்துவிடாதீர்கள். 1970, 80களின் தமிழ்ப் பட எல்.பி.களுக்கு, முக்கியமாக எக்கோ நிறுவனம் வெளியிட்ட இளையராஜா தட்டுகளுக்கு, சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுக்கிறார்கள். ஆழமாகக் கீறியது, வெயிலில் நெளிந்தது, ஓரம் உடைந்தது, எந்தக் கடையிலும் அடுக்கடுக்காகக் கிடக்கும் தட்டு, இவை போதும். நல்ல அட்டை இருந்தால் அதைத் தனியே பத்திரப்படுத்துங்கள். 32 செ.மீ. சதுரச் சட்டத்தில் போட்டால் அதுவே ஒரு படம்.

கழுவப் பாத்திரம் தேய்க்கும் திரவம் நாலைந்து சொட்டு, சாதாரணத் தண்ணீர், மென்மையான துணி. தடத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். மழைக்காலத்தில் பூத்த பூஞ்சை வெள்ளைப் புள்ளியாக நிற்கும், இரண்டு முறை கழுவினால் போய்விடும். வினைலை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். அரக்கை அதால் தொடவே கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும், தட்டு பிசுபிசுத்துப் போகும்.

எவ்வளவு சூடு

வினைல் தட்டு 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே நெளியத் தொடங்கும். 90 முதல் 105 டிகிரிக்குள் ஈர அப்பளம்போல் துவளும். வேலை செய்ய வேண்டிய இடைவெளி அதுதான். அதைத் தாண்டிச் சூடேற்றுவதால் ஒரு லாபமும் இல்லை. 150 டிகிரியைத் தாண்டினால் பி.வி.சி. சிதையத் தொடங்கி ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். மூக்கைக் குத்தும் காரமான நெடி வந்தால் அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய்விடுங்கள். இதே காரணத்தால்தான் சூட்டுக்கோலால் அறுப்பது, நேரடி நெருப்பில் காட்டுவது, லேசர் வெட்டுக்குக் கொடுப்பது மூன்றும் கூடாது. விஷயம் தெரிந்த லேசர் கடைக்காரர் வாங்கவும் மாட்டார். பி.வி.சி. விடும் அமில வாயு அவருடைய இயந்திரத்தையே அரித்துவிடும்.

கிண்ணம்

முதல் முயற்சிக்கு இ.பி. நல்லது. சின்ன ஓ.டி.ஜி. (கேக் சுடும் மின்சார) அடுப்பிலும் அடங்கும், கெட்டாலும் நஷ்டம் குறைவு. எல்.பி. செய்வதானால் அடுப்பின் உள்ளகலத்தை முதலில் டேப் வைத்து அளந்துவிடுங்கள், 32 செ.மீ.யாவது வேண்டும். ஓரம் சுவரில் இடித்தால் அந்தப் பக்கம் மட்டும் சுருண்டு நிற்கும்.

எல்.பி.க்கு இரண்டு எவர்சில்வர் கிண்ணம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று கவிழ்த்து வைக்க. அதன் அடிப்பாகம் தட்டையாக, 10 முதல் 12 செ.மீ. விட்டத்தில் இருக்க வேண்டும். எல்.பி. லேபிளின் விட்டம் 10 செ.மீ., அது முழுக்கச் சமதளத்தில் உட்கார்ந்தால்தான் கிண்ணம் ஆடாமல் நிற்கும். மற்றது அதைவிட 3, 4 செ.மீ. அகலம் கூடியது. இ.பி.க்கு 9 செ.மீ. அடி போதும்.

1. ஓ.டி.ஜி.யை 100 டிகிரியில், கீழ்க்கம்பி மட்டும் எரியும்படி வைத்துப் பத்து நிமிடம் சூடேற்றுங்கள். மேல்கம்பி எரிந்தால் தட்டின் மேற்பரப்பு மட்டும் வெந்து கொப்புளிக்கும். ஓ.டி.ஜி. குமிழ் காட்டும் அளவை நம்ப வேண்டாம், 20 டிகிரி முன்பின் இருக்கும். அடுப்புக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.
2. அடுப்பின் டிரேயில் சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் ரெக்கார்டை நடுவாக வையுங்கள்.
3. மூன்றாவது நிமிடத்திலிருந்து கண்ணாடி வழியே பாருங்கள். நான்கு முதல் ஆறு நிமிடத்தில் ஓரம் தொங்கும்.
4. பருத்திக் கையுறையோடு ரெக்கார்டை மட்டும் எடுத்து, நிமிர்த்திய பெரிய கிண்ணத்துக்குள் அமுக்குங்கள். சின்னக் கிண்ணத்தை உள்ளே வைத்து நடுவை அழுத்துங்கள். மடிப்புகளைக் கையால் திருத்த உங்களுக்குப் பதினைந்து, இருபது விநாடிதான் இருக்கிறது.
5. இரண்டு நிமிடம் அசைக்காமல் விடுங்கள்.

வட்டத் தகடு கிண்ணமாகும்போது ஓரத்தில் எங்கேயாவது மடிப்பு விழத்தான் செய்யும். மிச்ச நீளம் போவதற்கு வேறு இடம் இல்லை. அதை ஒழிக்கப் பார்க்காமல் ஐந்தோ ஆறோ மடிப்பாகச் சம இடைவெளியில் பங்கிட்டால் பூ மாதிரி இருக்கும். பிடிக்கவில்லையா, மறுபடி அடுப்பில் தட்டையாக வையுங்கள். வினைல் தானாகவே பழைய தட்டு வடிவத்துக்கு ஏறக்குறையத் திரும்பிவிடும். இரண்டு, மூன்று முறை தாங்கும். அதற்கு மேல் லேபிள் பழுத்துப் போகும்.

அடுப்பு இல்லாதவர்களுக்கு அண்டா இருக்கிறது. 34 செ.மீ. வாயகலமுள்ள பாத்திரத்தில் நாலு விரற்கடை தண்ணீர் கொதித்ததும் தீயைக் குறைத்து, இடுக்கியால் ரெக்கார்டை இறக்கி 40 முதல் 60 விநாடி வைத்தால் போதும். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் கருகும் பயமே இல்லை. குறை ஒன்று, லேபிள் காகிதம் ஊறி உப்பும், நிறம் மங்கும். லேபிளுக்காகவே அந்தத் தட்டை எடுத்திருந்தால் வெந்நீர் முறை வேண்டாம்.

இந்தக் கிண்ணத்தில் சாவி, சில்லறை, ஹேர்பின், ரசீது போடலாம். சாப்பாட்டுப் பொருள் வேண்டாம். தடத்தில் சிக்கும் அழுக்கு ஒரு காரணம். பழைய பி.வி.சி. தட்டுகளில் நிலைப்படுத்தியாக ஈயச் சேர்மங்கள் சேர்த்தார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். அகல் விளக்கோ ஊதுபத்தியோ இதில் வைப்பது நிச்சயமாகக் கூடாது. சித்திரை வெயில் நேரே விழும் ஜன்னல் விளிம்பிலும் காரின் முன்பலகையிலும் வைத்தால், மாலைக்குள் கிண்ணம் மறுபடி தட்டாகப் பார்க்கும்.

புத்தகத் தாங்கி

இது கிண்ணத்தைவிட எளிது, பயனும் அதிகம். ஆனாலும் யாரும் செய்வதில்லை. நேர்விளிம்புள்ள 30 செ.மீ. மரச்சட்டம் இரண்டு, வெந்நீர், ஒரு மேசை விளிம்பு, இவ்வளவுதான் வேண்டும்.

மடிப்புக் கோட்டை நடுவிலிருந்து 5.5 செ.மீ. தள்ளிப் போடுங்கள். அப்போது மடிப்பு லேபிளை ஒட்டி, அதைத் தொடாமல் போகும். லேபிளுக்குக் குறுக்கே மடித்தால் காகிதம் கிழியும். அந்த இடம் தடிப்பு என்பதால் மடிப்பும் சீராக விழாது. இப்படிப் போட்டால் கீழே படுக்கும் பாகம் 9.5 செ.மீ. ஆழமும் மடிப்பு 28 செ.மீ. நீளமும் வரும். அந்தப் பாகத்தை மட்டும், கோட்டுக்கு ஒரு விரல் மேல் வரை, ஒரு நிமிடம் வெந்நீரில் பிடியுங்கள். எடுத்ததும் கோட்டை மேசை விளிம்பில் வைத்து, மேலே ஒரு சட்டத்தால் அழுத்தி, தொங்கும் பாகத்தை மற்றச் சட்டத்தால் கீழே தள்ளுங்கள். 90 டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே மடித்துப் பிடியுங்கள், ஆறும்போது லேசாகத் திரும்பி வரும். ஈரத் துணியால் ஒற்றினால் சீக்கிரம் இறுகும். படுக்கும் பாகத்தின்மேல் புத்தகமே உட்கார்ந்துகொள்ளும், வேறு கனம் தேவையில்லை. வழுக்கினால் அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒட்டுங்கள்.

உருவம் வெட்டுவது

ரயில், மயில், ஊர்க் கோபுரம் என்று நிழலுருவமாக வெட்டிய ரெக்கார்டுகளைப் பார்த்திருப்பீர்கள். வடிவம் எளிதாக இருந்தால் வெந்நீரில் இளக்கிக் கத்திரியாலேயே வெட்டலாம். ஒரு முக்கலுக்கு 15 விநாடி வெட்டு. கத்திரி இறுகுவதுபோல் தெரிந்தால் உடனே நிறுத்தி மறுபடி முக்குங்கள். விடாப்பிடியாக வெட்டினால் விரிசல் நடுவரை ஓடும்.

நுணுக்கமான வேலைக்குக் கம்பி ரம்பம்தான். நகை ஆசாரிகள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. ஆனால் பல்லு மிக நுண்ணியதாக இருக்கக் கூடாது. நுண்பல் ரம்பம் உரசிச் சூடேற்றி வினைலை உருக்கும். உருகியது ரம்பத்துக்குப் பின்னாலேயே திரும்ப ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் அறுத்துவிட்டுப் பார்த்தால் வெட்டு மூடிக் கிடக்கும். கொஞ்சம் பெரிய பல்லு, மெதுவான இழுப்பு, அவ்வப்போது ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர். மின்ரம்பமானால் வேகத்தை மிகக் குறைவில் வையுங்கள். தூள் மூக்கில் போகாமல் என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

படத்தைக் காகிதத்தில் வரைந்து, பசைக் குச்சியால் தட்டில் ஒட்டி அறுத்தால், முடிந்ததும் ஊறவைத்து எடுத்துவிடலாம். உள்ளே துளை வேண்டிய இடத்தில் 3 மி.மீ. ஓட்டை போட்டு ரம்பக் கம்பியை அதன் வழியே கோத்து மாட்ட வேண்டும். நடுவே தனியாக நிற்கும் பாகம் எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் கழன்று விழும். கோல அச்சில் ஒவ்வொரு இதழையும் ஒரு பாலம் பிடித்திருக்கும் அல்லவா, அதுபோல் குறைந்தது 5 மி.மீ. அகலத்தில் பாலம் விடுங்கள். அதைவிட ஒடுங்கினால் ஆணியில் மாட்டும்போதே ஒடியும். பிசிறை 400 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடுக்கலாம்.

கடிகாரம்

எல்லோரும் செய்வது இது. பார்க்க அரைகுறையாக முடிவதும் இதுதான். பெரும்பாலும் இயந்திரமும் முள்ளும் பொருத்தமாக அமையாததால். ஒரு பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் இயந்திரம் கடிகாரக் கடைகளில் தனியாகக் கிடைக்கும். வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். மரை போட்ட தண்டு 5, 6 மி.மீ. நீளம் போதும். மரப்பலகைக்கென்று விற்கும் நீளத்தண்டை வாங்கினால் முட்கள் தட்டிலிருந்து எழும்பி அந்தரத்தில் நிற்கும். நிமிட முள் 11, 12 செ.மீ. இருக்கட்டும். பொட்டலத்தோடு வரும் 7 செ.மீ. முள் 30 செ.மீ. தட்டின் நடுவே தீக்குச்சி மாதிரி தெரியும். கறுப்பு முள்ளும் வேண்டாம், வெள்ளையோ பித்தளை நிறமோ எடுங்கள்.

ரெக்கார்டின் நடுத்துளை 7 மி.மீ.க்குச் சற்று அதிகம். இயந்திரத் தண்டு பெரும்பாலும் 8 மி.மீ. உள்ளே போகாது. இங்கேதான் பலர் டிரில் போட்டுத் தட்டைப் பிளக்கிறார்கள். பிட் துளையின் விளிம்பைக் கவ்வி, தட்டோடு சேர்ந்து சுற்றிவிடும். வட்ட அரத்தால் சுற்றிலும் சமமாகத் தேய்த்தால் ஐந்து நிமிட வேலை. ஒரே பக்கம் தேய்த்தால் நடு விலகி, சுவரில் தட்டு சாய்ந்தே நிற்கும்.

பின்னாலிருந்து தண்டை விட்டு, முன்னால் வாஷர், நட்டு. நட்டைக் கையால் இறுக்கிய பின் குறடால் கால் சுற்று. அதற்கு மேல் போனால் லேபிள் சுருங்கும், குறைந்தால் இயந்திரமே சுற்றிக்கொள்ளும். பிறகு மணி முள்ளை 12-இல் அழுத்தி, நிமிட முள்ளையும் 12-இல் வைத்து மூடித் திருகி, கடைசியாக விநாடி முள்ளைச் செருகுங்கள். பேட்டரி போடுமுன் பின்சக்கரத்தால் முழு 12 மணி நேரத்தையும் சுற்றிப் பாருங்கள். முட்கள் ஒன்றையொன்று உரசினால் அந்த இடத்தில்தான் பிறகு கடிகாரம் நிற்கும். நுனியை விரலால் ஒரு மயிரிழை வளைத்தால் சரியாகும். இயந்திரம் 16 மி.மீ. தடிப்பு என்பதால் தட்டின் கீழ்ப்பாகம் சுவர்ப்பக்கம் சாயும். பின்னால் கீழே அதே தடிப்பில் இரண்டு தக்கைத் துண்டு ஒட்டிவிட்டால் நேராக நிற்கும்.

எண்களுக்கான 12 இடத்தைக் குறிக்கக் கோணமானி வேண்டாம். தட்டளவு காகித வட்டத்தை நான்காக மடித்து, அதை மூன்றாக மடியுங்கள். விரித்தால் 12 கோடு. அங்கே எண் ஒட்டுவதைவிடச் சட்டைப் பொத்தான், சோடா மூடி, உடைந்த வளையல் துண்டு, கழற்றிய நட்டு, தேய்த்து மெருகேற்றிய கொட்டாங்குச்சிச் சில் என்று ஏதாவது வையுங்கள். ஒரே கடிகாரத்தில் எல்லாவற்றையும் கலக்க வேண்டாம். பன்னிரண்டும் ஒரே இனமாக, 12, 3, 6, 9 மட்டும் அளவில் பெரிதாக இருந்தால் தூரத்திலிருந்தும் மணி தெரியும்.

ஒட்டுவதும் பெயிண்டும்

பசையில்தான் பல வேலைகள் ஒரு மாதத்தில் உதிர்கின்றன. வெள்ளை ஃபெவிகால் காய்ந்ததும் வினைலிலிருந்து தோலாக உரிந்து வரும். ஃபெவிகுவிக் பிடிக்கும், ஆனால் சுற்றிலும் வெள்ளையாகப் பூக்கும், கறுப்பில் அது கண்ணைக் குத்தும். சூட்டுப்பசைத் துப்பாக்கி வேலை வெயில் காலத்தில் பொத்தென்று கழலும். பொத்தான், உலோகம், கொட்டாங்குச்சி எதுவானாலும் இரண்டு குழாயாக வரும் அரால்டைட் சரி. சம அளவு கலந்து, ஒட்டும் இரு பக்கத்தையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஒரு இரவு படுக்கைவாட்டில் விடுங்கள். நிமிர்த்தி வைத்தால் காய்வதற்குள் பொத்தான் வழுகி இறங்கிவிடும். வினைலோடு வினைலை ஒட்டக் குழாய்க்கடையின் பி.வி.சி. சிமெண்ட் போதும், அது இரு பரப்பையும் கரைத்து ஒன்றாக்கும். சொட்டு சிந்தினால் தடம் அழிந்துவிடும், கவனம்.

பெயிண்டுக்கு அக்ரிலிக். மழமழப்பில் நேரே பூசினால் நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும். 400 உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, ஜெஸ்ஸோ என்ற அடிப்பூச்சு ஒரு முறை கொடுத்துப் பிறகு நிறம். புள்ளிக்கோலமோ மண்டலமோ போடுபவர்களுக்கு ரெக்கார்டு ஒரு சௌகரியம் தருகிறது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய வளையங்கள் கவராயம் இல்லாமலே வட்டக்கோடுகளாக இருக்கின்றன. அவற்றின்மேல் ஜெஸ்ஸோ பூசாமல், வளையத்தைக் கறுப்பாகவே விட்டு இடையில் மட்டும் புள்ளி வைத்தால் தட்டு தட்டாகவே தெரியும். முழுக்கப் பூசி மறைத்துவிட்டால் அதற்கு ஒரு அட்டை வட்டமே போதுமே.

உடைந்த அரக்குச் சில்லுகள்

சண்டிகரில் நேக் சந்த் உடைந்த வளையலையும் பீங்கானையும் சிமெண்டில் பதித்து உருவாக்கிய ராக் கார்டன் 1976-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அதைப் பார்த்து 78 சில்லுகளையும் சிமெண்டில் பதிக்கத் தோன்றும். அது சரிவராது. சிமெண்ட் காரத்தன்மை உடையது, அரக்கு காரத்தில் கரையும். பளபளப்பு போய்ச் சில்லு சாம்பல் பூத்துவிடும். 12 மி.மீ. பிளைவுட் பலகையில் ஃபெவிகால் தடவிப் பதியுங்கள். மரத்துக்கும் அரக்கின் முறிந்த பக்கத்துக்கும் அது போதுமான பிடிப்பு. சில்லுகளைத் துணிக்குள் சுற்றிக் குறடால் ஒடித்தால் கண்ணில் தெறிக்காது. ஓரங்களை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம், கல் மாவுத் தூசி பறக்கும். லேபிள் ஒட்டியிருக்கும் துண்டை நடுவில் வைத்து, அதிலிருந்து தடங்கள் ஒரே போக்கில் வளைந்து போகும்படி அடுக்குங்கள். இடையிடையே சிவப்பு, பச்சைக் கண்ணாடி வளையல் துண்டுகள். இடைவெளியை நிரப்பாமல் 2 மி.மீ. விட்டுவிடலாம். ஒரு நாள் காய்ந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, மழைச்சாரல் படாத சுவரில் மாட்டுங்கள்.